டிரங்குப் பெட்டியில் ஒரு நட்சத்திரம்



சென்ற மாதம் தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மாவைப் பெற்ற தாத்தாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, ஆறு முனை கொண்ட ஒரு உலோக நட்சத்திரம் கிடைத்ததாம். நடுவில் கிரீடம், சுற்றிலும் வட்டமாக ஆங்கில எழுத்துகள், மேலே நைந்துபோன ஒரு துணி நாடா. "பழைய பாத்திரக்காரர் எடைக்குக் கேட்கிறார். இது என்னவென்று தெரிந்துகொண்டு கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம்" என்று எழுதி, படமும் வைத்திருந்தார்.

கொடுத்துவிடாதீர்கள் என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். அந்த நாடா கருநீலம். நடுவில் அகலமாகச் சிவப்புப் பட்டை, இரு பக்கமும் நீலத்தைப் பிளந்துகொண்டு ஒரு ஆரஞ்சுக் கோடு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியருக்கு எதிரான பர்மா போர்முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த 'பர்மா ஸ்டார்' அது. தரையில் நின்று சண்டை போட்டவர்களுக்கு மட்டும் உரியது என்று பலரும் நினைக்கிறார்கள். வங்காள விரிகுடாவில் கப்பலோட்டியவர்களுக்கும் கொடுத்தார்கள். நட்சத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று அவருக்கு எழுதினேன். பிரிட்டிஷ் படையினருக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் கிடையாது. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். திருப்பிப் பார்த்தார். தாத்தாவின் பெயர் இருந்தது. பெயருக்குப் பின்னால் ஆர்.ஐ.என். என்று மூன்று எழுத்து. ராயல் இந்தியன் நேவி. தாத்தா கடற்படையில் இருந்தார் என்பதே அந்த வீட்டில் இப்போது உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியவில்லை.

இந்த ஆசிரியர் பக்கத்தை அந்த மூன்று எழுத்துக்குத்தான் ஒதுக்கியிருக்கிறேன். எனக்கும் அதில் சொந்தம் உண்டு. என் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் ஆர்.ஐ.என். ஆள்தான்.

1939-ல் போர் தொடங்கியபோது அந்தக் கடற்படை மிகச் சிறியது. விரல்விட்டு எண்ணக்கூடிய கப்பல்கள், சுமார் 1,700 மாலுமிகள். அவர்களிலும் பெரும்பாலோர் பஞ்சாபையும், பம்பாய்க்குத் தெற்கே ரத்னகிரிக் கரையையும் சேர்ந்தவர்கள். போர் முடியும்போது எண்ணிக்கை 25,000-ஐத் தாண்டிவிட்டது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் ஆளெடுப்பு தெற்கே திரும்பியது. கொஞ்சம் படித்த, எந்திரம் பழகக்கூடிய பையன்கள் வேண்டியிருந்தார்கள். சென்னை மாகாணத்தின் ஊர்களிலிருந்து ஏராளமானோர் போனார்கள். கடலோரப் பிள்ளைகள் மட்டுமில்லை, கண்மாயில் நீச்சல் பழகியவர்களும் போனார்கள்.

என் தாத்தா இரண்டாவது வகை. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் திருவாடானைப் பக்கம் வானம் பார்த்த பூமி. தொண்டிக் கடல் எட்டும் தூரந்தான் என்றாலும், அவர் கடலைக் கண்ணால் பார்த்தது பட்டாளத்துக்கு ஆளெடுத்த வருஷத்தில்தான் என்பார். அவரைக் கப்பலுக்கு அனுப்பியது கடலாசை இல்லை, அரிசி.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த நாளில் எங்கள் பக்கத்து வீடுகளில் வீட்டுக்கு ஒருவர் ரங்கூனில் இருப்பார். பெரிய தாத்தா, அதாவது தாத்தாவின் அண்ணன், அங்கே அரிசி ஆலையில் வேலை பார்த்தார். 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மாவிலிருந்த இந்தியர்களில் சுமார் ஐந்து லட்சம் பேர் ஊர் திரும்பப் புறப்பட்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். கப்பல் டிக்கெட் கிடைத்தவர்கள் கொஞ்சம். மற்றவர்கள் நடந்தார்கள். பெரிய தாத்தா நடந்தது புரோமிலிருந்து மலை தாண்டித் தவுங்குப்புக்குப் போகும் பாதை. அங்கிருந்து படகில் அக்யாப், அக்யாபிலிருந்து சிட்டகாங். வழியெல்லாம் காலரா. கூடக் கிளம்பியவர்களில் பாதிப் பேர் சிட்டகாங் வந்து சேரவில்லை என்று மட்டும் அவர் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் வாயைத் திறந்ததில்லை என்று அப்பத்தா சொல்லும்.

ரங்கூன் விழுந்ததோடு பர்மா அரிசி வருவதும் நின்றது. நம் சந்தைகளில் விலை ஏறியது. மாசாமாசம் வந்துகொண்டிருந்த ரங்கூன் மணியார்டரும் இல்லை. சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று ஆளெடுப்பு அதிகாரி சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தாத்தா கையெழுத்துப் போட்டார். ராஜவிசுவாசம், வீரம் என்றெல்லாம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய அண்ணன் எந்தக் கரையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாரோ, இரண்டரை வருஷம் கழித்து அதே அரக்கான் கரைக்குத் தம்பி படகில் போனார். எங்கள் குடும்பக் கதையில் நான் மறுபடி மறுபடி போய் நிற்கும் இடம் இதுதான்.

அவருடைய பணிச் சான்றிதழ் எங்களிடம் இருக்கிறது. மடித்து மடித்து நான்கு துண்டாகி, பின்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டியிருக்கிறது. உயரம், மார்பளவு, 'நெற்றியில் இடப்பக்கம் வடு' என்று அங்க அடையாளம், பிறகு வரிசையாகக் கப்பல்களின் பெயர்கள், குணம் என்ற கட்டத்தில் 'வி.ஜி.' என்று இரண்டெழுத்து. மிக நன்று என்று அர்த்தம். இத்தகைய தாள் உங்கள் வீட்டிலும் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் வரும் எல்லாக் கப்பலும் கப்பல் இல்லை. எச்.எம்.ஐ.எஸ். அக்பர் தானே அருகே இருந்த பயிற்சி முகாம். எச்.எம்.ஐ.எஸ். அடையாறு சென்னையிலும், சிர்கார்ஸ் விசாகப்பட்டினத்திலும், வெந்துருத்தி கொச்சியிலும் இருந்த கரைத்தளங்கள். தல்வார் பம்பாயில் இருந்த சிக்னல் பள்ளி. கரைத்தளத்துக்கும் கப்பலைப் போலவே பெயர் வைப்பது கடற்படை வழக்கம். 'எங்க தாத்தா அடையாறுங்கிற கப்பல்ல இருந்தார்' என்று பேரப்பிள்ளைகள் தேடிக்கொண்டே இருப்பார்கள்; அப்படி ஒரு கப்பல் கிடைக்காது.

தாத்தா உண்மையிலேயே மிதந்த கலம் ஒரு மோட்டார் லாஞ்ச். 'ஃபேர்மைல்' வகைப் படகு. நீளம் 112 அடி, உடம்பு முழுக்க மரம், பதினாறு பேர் அளவில் ஆட்கள். உள்ளே இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள். இந்தப் பெட்ரோல்தான் அதில் இருந்தவர்களின் வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது. டீசல் கசிந்தால் நாற்றத்தோடு போய்விடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அடித்தட்டில் போய்த் தேங்கி நிற்கும், ஒரு பொறி பட்டால் படகே வெடிக்கும். எஞ்சின் அறை ஸ்டோக்கர்களில் தாத்தாவும் ஒருவர். ஸ்டோக்கர் என்றால் கரி அள்ளிப் போடுகிறவர் என்றுதான் நினைப்போம். இந்தப் படகில் கரி ஏது? எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் கீழே இறங்கி மோப்பம் பிடிப்பதுதான் அவருடைய முதல் வேலை.

அந்தப் பழக்கம் சாகும்வரை போகவில்லை. எங்கள் வீட்டில் சிம்னி விளக்கு ஏற்றப் போனாலும் அடுப்புப் பற்றவைக்கப் போனாலும், "வத்திக்குச்சியைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி மோந்து பாருங்கடா" என்பார். மண்ணெண்ணெய் விளக்குக்கு எதற்கு மோப்பம் என்று சித்தப்பாக்கள் சலித்துக்கொள்வார்கள். இருட்டில் பீடி பிடித்தால் நெருப்பு முனையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டுதான் இழுப்பார். வெளியே ஒரு புள்ளி வெளிச்சம் தெரியாது. சிறுவனாக இருந்தபோது அது வயசானவர்களின் ஒரு பாணி என்று நினைத்திருந்தேன். அரக்கான் ஓடைகளைப் பற்றிப் படித்த பிறகுதான் அந்த விரல்கள் எங்கே பழகின என்று புரிந்தது.

அரக்கான் கரை நம் கோரமண்டல் கரை மாதிரி நேர்கோடு இல்லை. கடல் உள்ளே புகுந்து நூற்றுக்கணக்கான ஓடைகளாகப் பிரிந்து கிடக்கும். அங்கே அவற்றைச் 'சாவுங்' என்பார்கள். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. பிச்சாவரத்தையோ முத்துப்பேட்டையையோ பார்த்தவர்கள் அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளலாம். ஜப்பானியருக்கு உணவும் வெடிமருந்தும் இரவில் சம்பான் படகுகளில் இந்த ஓடைகள் வழியாகத்தான் போயின. அவற்றை மறிப்பது மோட்டார் லாஞ்சுகளின் வேலை. இந்தியக் கடற்படையின் 55, 56-வது லாஞ்ச் பிரிவுகள் அங்கே இருந்தன. பகலில் படகைக் கரையோரம் ஒதுக்கிக் கட்டி, கிளைகளை வெட்டி மேலே போட்டு மூடிவிடுவார்கள். நீர் வற்றினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். மேலே வெயில், உள்ளே பெட்ரோல் வாடை, சுற்றிலும் கொசு. இருட்டிய பிறகு எஞ்சினை நிறுத்தி வைத்துவிட்டுத் துடுப்புச் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பார்கள். பேச்சு கிடையாது.

ஒரே ஒரு இரவைப் பற்றித் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். துடுப்புச் சத்தம் கேட்டது. எல்லாரும் தயாராக இருந்தார்கள். வந்த சம்பானில் சிப்பாய் யாரும் இல்லை. இரண்டு நெல் மூட்டை, ஒரு ஆடு, ஒரு கிழவி, கைப்பிள்ளையோடு ஒரு பெண், துடுப்புப் போட்ட ஒரு பையன். எங்கிருந்தோ ஓடி வருகிறார்கள். பையன் கையில் இருந்த லாந்தரை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டி, படகைப் போகவிட்டார்கள். "அந்தப் பொம்பளை எங்கண்ணன் வந்த வழியிலதான் போய்க்கிட்டு இருந்துச்சு" என்றார் தாத்தா. அதோடு பேச்சை மாற்றிவிட்டார்.

பெரிய நிகழ்ச்சிகள் புத்தகங்களில் இருக்கின்றன. 1945 ஜனவரி 3-ல் அக்யாப் சண்டையில்லாமல் கைக்கு வந்தது. 12-ல் மைபோன், 21-ல் ராம்ரீ தீவு, 22-ல் காங்காவ் என்று அடுத்தடுத்துக் கரையிறக்கங்கள். நர்பதா, ஜம்னா என்ற இரண்டு இந்தியப் போர்க்கப்பல்கள் கரையை நோக்கிச் சுட்டுக்கொண்டிருக்க, ஆட்கள் இறங்கினார்கள். அதே அக்யாபுக்கு அப்பால்தான் 1942 ஏப்ரல் 6-ல் இண்டஸ் என்ற நம் கப்பல் விமானக் குண்டுக்குப் பலியாகியிருந்தது. விசாகப்பட்டினத்தின் மேல் குண்டு விழுந்ததும் அன்றைக்குத்தான்.

இந்தக் கடற்படையின் சண்டைகளில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. 1942 நவம்பர் 11. கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே நடுக்கடல். ஆஸ்திரேலியாவில் அப்போதுதான் கட்டி முடித்த 'பெங்கால்' என்ற சின்னக் கப்பல், 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக வந்துகொண்டிருந்தது. பெங்காலின் எடை 650 டன் அளவு, முன்பக்கம் ஒரே ஒரு சிறிய பீரங்கி. எதிரே ஜப்பானின் ஹோகோகு மாரு, அய்கோகு மாரு என்ற இரண்டு வேட்டைக் கப்பல்கள், ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். ஒண்டினாவைத் தப்பிக்கச் சொல்லிவிட்டு, பெங்கால் ஓடாமல் நேராக அவற்றை நோக்கித் திரும்பியது. ஒண்டினாவும் தன்னிடமிருந்த ஒற்றைப் பீரங்கியால் சுட்டது. ஹோகோகு மாரு வெடித்து மூழ்கியது. குண்டடி பட்ட பெங்கால் டியேகோ கார்சியா போய்ச் சேர்ந்தது. ஒண்டினாவின் கேப்டன் இறந்தார். கைவிட்டு இறங்கிய மாலுமிகள் உயிர்காப்புப் படகுகளில் இருந்தபோதும் அவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. பிறகு மிச்சமிருந்தவர்கள் அதே கப்பலில் ஏறி, அதை ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டிலுக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். நம் பள்ளிப் புத்தகங்களில் இதற்கு இரண்டு வரியாவது இடம் கொடுத்திருக்க வேண்டும்.

ஏன் கொடுக்கவில்லை என்பது விளங்காத விஷயமில்லை. இவர்கள் போட்டிருந்தது வெள்ளைக்காரன் கொடுத்த சீருடை. அதே சமயத்தில் நேதாஜியின் ஐ.என்.ஏ. படையில் மலாயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழர்கள் எதிர்ப்பக்கத்தில் நின்றார்கள். ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறார்கள். சுதந்திரம் வந்த பிறகு ஒரு பக்கத்தாரைக் கொண்டாடினோம், அது நியாயம். இன்னொரு பக்கத்தாரை என்ன சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டோம். அவர்களும் பேசவில்லை.

ஆனால் அந்தச் சீருடைக்குள் என்ன கொதித்தது என்பதை 1946 பிப்ரவரி காட்டியது. 18-ஆம் தேதி பம்பாய் தல்வாரில் மாலுமிகள் சாப்பாட்டை மறுத்தார்கள். கெட்டுப்போன உணவு, வெள்ளை மாலுமிக்கு ஒரு சம்பளம் இந்தியனுக்கு ஒரு சம்பளம், அதிகாரியின் வசவு எல்லாம் சேர்ந்து வெடித்தது. ஐ.என்.ஏ. கைதிகளை விடுதலை செய்ய வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் என்று பார்க்காமல் அதைக் கேட்டார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சில நாட்களில் 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், 20,000 மாலுமிகள் வரை வேலைநிறுத்தம் பரவியது. கராச்சி, விசாகப்பட்டினம், சென்னை எல்லா இடத்திலும். பட்டேலும் ஜின்னாவும் பணிந்துபோகச் சொன்னார்கள். 23-ஆம் தேதி முடிந்தது. பம்பாய்த் தெருக்களில் ஆதரவாக இறங்கிய பொதுமக்களில் இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பணிநீக்கம் செய்யப்பட்ட மாலுமிகளை நாடு விடுதலையான பிறகும் இந்தியாவோ பாகிஸ்தானோ திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

தாத்தா அப்போது விடுவிப்புக்காகக் காத்திருந்தார். அந்த வாரத்தில் அவரும் சாப்பிடவில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். மற்றபடி அவர் வந்த வழியே ஊருக்கு வந்தார், கல்யாணம் செய்துகொண்டார், சுற்றுவட்டாரக் கிணறுகளில் இருந்த ஆயில் எஞ்சின்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தார். "மிலிட்டரிக்காரர்" என்று கூப்பிடுவார்கள். கடற்படை என்று ஊரில் யாரும் சொன்னதில்லை.

திரும்பி வராதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலத்தில் இறந்தவர்களுக்குக் கல்லறை இருக்கிறது. கடலில் போனவர்களுக்கு மும்பையில் ஒரு நினைவுப் புத்தகம் இருக்கிறது, இன்னொரு பிரதி சிட்டகாங்கில். இந்தியக் கடற்படையினர் நானூறுக்கு மேற்பட்டவர்களும், வணிகக் கப்பல்களில் வேலை செய்து இறந்த இந்தியர்கள் ஏறக்குறைய ஆறாயிரம் பேரும் அதில் இடம்பெறுகிறார்கள். சீருடைக்காரர்களைவிடச் சரக்குக் கப்பல்காரர்கள் இத்தனை மடங்கு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இந்தப் பெயர்களை இணையத்திலேயே தேடலாம். 'கப்பலுக்குப் போனார், திரும்பவில்லை' என்ற ஒரு வரியோடு நின்றுபோன கதை உங்கள் குடும்பத்தில் இருந்தால், ஒருமுறை தேடிப் பாருங்கள்.

திரும்பி வந்தவர்களைத் தேட வேறு வழிகள் உண்டு. மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவையருக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை வழங்கிவருகிறது. உங்கள் பாட்டி அதை வாங்கியவர் என்றால், அவருடைய கணவரின் பணி எண் அந்தக் கோப்பில் பதிவாகியிருக்கும். எண் கையில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்தத் தலைமுறையில் இன்று இருப்பவர்கள் நூறை ஒட்டியவர்கள். அவர்களை நேரில் கேட்கும் வாய்ப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் அவர்களின் பிள்ளைகள் எழுபதிலும் எண்பதிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். 'தாத்தா வீரரா?' என்று கேட்டால் பெருமையாக இரண்டு வாக்கியம் கிடைக்கும், அவ்வளவுதான். என்ன சாப்பிட்டார், எதைச் சாப்பிட மறுத்தார், எந்தச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்தார், எந்த மொழியில் திட்டினார், பணம் வீட்டுக்கு எப்படி வந்தது, அந்த நாட்களில் பாட்டி எப்படிச் சமாளித்தார் என்று கேளுங்கள். முக்கியமாகப் பாட்டியைப் பற்றிக் கேளுங்கள். போருக்குப் போனவரின் கதையில் பாதி, மணியார்டரை எதிர்பார்த்து வீட்டில் இருந்தவருடையது.

அடுத்த இதழிலிருந்து 'எங்கள் வீட்டு மாலுமி' என்ற பகுதியைத் தொடங்குகிறோம். கடற்படை மட்டுமில்லை, சரக்குக் கப்பலில் கரி தள்ளியவர், துறைமுகத்தில் படகோட்டியவர், சமையற்கட்டில் இருந்தவர் எல்லாரும் அதில் வரலாம். எழுத வராது என்று தயங்க வேண்டாம், சொல்லுங்கள், எழுதிக்கொள்ள எங்கள் உதவி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடி வாசகி முதல் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு வேண்டுகோள். மெடலையோ சான்றிதழையோ தபாலில் அனுப்பிவிடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். வட்டமான மெடலாக இருந்தால் விளிம்பையும் எடுங்கள், பெயர் இருந்தால் அங்கேதான் இருக்கும். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து போய்விடும்.

அன்புடன்,
ஆசிரியர்